வலி சொல்லும் செய்தி



மரம் வெட்டியோ குலை அறுத்தோ வீடு திரும்பினால் இடுப்பு வலிக்கிறது, தலை கனக்கிறது. தைலம் தேய்க்கிறோம், கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அந்த மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை இன்று அறிந்து கொள்வோம்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார் இருந்தார். ஒருநாள் வில்லோ மரத்தின் பட்டையைச் சுவைத்துப் பார்த்தார். மலேரியாவுக்கு அக்காலத்தில் கொடுத்த சிங்கோனாப் பட்டையைப் போலவே அது கசந்தது. அதைக் காயவைத்துப் பொடியாக்கி, காய்ச்சல் கண்ட ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்தார். பலன் தெரியவே, 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

1828இல் ஜெர்மானியரான புக்னர் அப்பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த சாலிசிலிக் அமிலம் வலியைத் தணித்தாலும் வயிற்றை வருத்தியது. 1897இல் பேயர் கம்பெனியின் ஹாஃப்மன் அதைத் திருத்தி அமைத்தார். 1899இல் அதற்கு ‘ஆஸ்பிரின்’ என்று பெயரிட்டனர்.

அது எப்படி வேலை செய்கிறது? 1971இல்தான் ஜான் வேன் என்னும் விஞ்ஞானி விளக்கினார். காயம்பட்ட இடத்தில் வலியைக் கூட்டும் ஒரு பொருளை உடம்பு உண்டாக்குகிறது. ஆஸ்பிரின் அதைத் தடுக்கிறது. இதற்காக 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். மாத்திரை தடுப்பது வலியைத்தான். வலிக்குக் காரணமான நோயை அன்று. நெருப்பு மணியை நிறுத்திவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

ஆஸ்பிரின் இரத்தம் உறைவதையும் தடுக்கும். ஆகவே டெங்கி என்று சந்தேகப்படும் காய்ச்சலில் அதைத் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அது மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோயோடு தொடர்புடையது.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால், வயிற்றுவலி வலப்புறம் கீழே இறங்கிக் காய்ச்சல் கண்டால், இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் தடைப்பட்டால், காய்ச்சலில் வயிறு வலித்து வாந்தி நிற்காவிட்டால் அல்லது ஈறில் இரத்தம் கசிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்றோ, ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்றோ தயங்கலாகாது. சம்பளத்தை அடுத்த மாதம் ஈட்டலாம்; உயிரை ஈட்ட முடியுமா?

வலியை அடக்கும் முன் அது சொல்லும் செய்தியைக் கேட்போம்.