கொதிகலன் படிவு நீக்கம்

கொதிகலன் படிவு நீக்கம் என்பது கொதிகலனின் உட்சுவரிலும் குழாய்களிலும் இறுகிப்போகும் தாதுப் பொருக்கைச் சுரண்டியோ கரைத்தோ அகற்றும் பராமரிப்பு வேலை. இதனால் எரிபொருளின் வெப்பம் தடையின்றி நீரைச் சென்றடைகிறது. இலங்கையில் இவ்வேலை புகையிரதத்தோடும் தோட்டத் தொழிற்சாலைகளோடும் சேர்ந்து வளர்ந்தது. இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்க இரண்டையும் கண்ட ஊர்.

படிவு உண்டாகும் விதம்

நீரில் கரைந்துள்ள கல்சியம் பைகாபனேற்று சூடேறும்போது சிதைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. கல்சியம் சல்பேற்று கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தில் கரைதிறனை இழந்து வீழ்படிகிறது. மக்னீசியம் சேர்மங்களும் சிலிக்காவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. சுண்ணப்படிவு எஃகைவிடப் பல பத்து மடங்கு மெதுவாக வெப்பத்தைக் கடத்தும். சிலிக்கா கலந்த படிவு அதைவிட மோசம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பின்படி ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிப்புள்ள சாதாரணப் படிவால் 2 வீத எரிபொருள் வீணாகும். இரும்பும் சிலிக்காவும் கலந்த படிவானால் இழப்பு 7 வீதம். விறகுச் செலவு கூடுவதோடு ஆபத்தும் உண்டு. நீரின் குளிர்ச்சி எட்டாத குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி, மெலிந்து, உப்பி, வெடிக்கக்கூடும்.

உலக வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருக்கை உளியாலும் சுத்தியலாலும் கொத்தி எடுத்தனர். அது இறுகாமல் தடுக்க உருளைக்கிழங்கையும் தனின் நிறைந்த மரப்பட்டைகளையும் கொதிகலனுக்குள் இட்டனர். 1841இல் அபர்டீன் பேராசிரியர் தோமஸ் கிளார்க், சுண்ணாம்பு சேர்த்து நீரை மென்மையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜெர்மனியின் றொபர்ட் கான்ஸ் செயற்கை சியோலைற்றைக் கொண்டு நீரை மென்மையாக்கினார். 1935இல் பிரித்தானியாவில் அடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் அயன்மாற்றப் பிசினை அறிமுகப்படுத்தினர். பிரான்சில் லூயி ஆர்மான்ட், புகையிரத எஞ்சின்களின் நீருக்கான முழுமையான இரசாயனச் சிகிச்சை முறையை வகுத்தார். படிந்தபின் கொத்துவதை விடுத்துப் படியுமுன் தடுப்பதே இவை அனைத்தின் நோக்கம்.

ஓப்பநாயக்க புகையிரதப் பாதை

762 மி.மீ. அகலமுள்ள களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. தோட்டத் தேயிலையும் றப்பரும் இவ்வழியே கொழும்புக்குப் போயின. நீராவி எஞ்சினுக்குக் குறித்த இடைவெளியில் கழுவல் கட்டாயம். நெருப்பை அணைத்து, கொதிகலனை மெல்ல ஆறவிட்டு, நீரை வடித்து, கழுவல் அடைப்புகளைத் திறந்து, அழுத்தநீரைப் பாய்ச்சிச் சேற்றையும் பொருக்கையும் வெளியேற்றுவார்கள். மூலைகளில் ஒட்டியதை நீண்ட கம்பியால் சுரண்டுவார்கள். 1950களில் டீசல் எஞ்சின்கள் பெருகியதும் இந்த உழைப்பு குறைந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலான பாதையே மூடப்பட்டது.

தோட்டத் தொழிற்சாலைகள்

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்திகள் பெரும்பாலும் உலையால் நேரடியாகச் சூடாக்கிய காற்றில் இயங்கின. கொழுந்து வாட்டவும் தேயிலை உலர்த்தவும் நீராவியையோ சூடுநீரையோ பயன்படுத்தும் இடங்களிலும், கிறேப் றப்பரை உலர்த்தும் மாடிகளிலும்தான் கொதிகலன் வேலை செய்கிறது. ஒரே நீர் சுற்றிவரும் மூடிய குழாய்த்தொகுதியில் படிவு குறைவு. கசிவை ஈடுசெய்யப் புதுநீர் விடும்போதெல்லாம் புதிய தாதுவும் உள்ளே போகிறது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணப்பாறைக் கிணற்றுநீரோடு ஒப்பிட்டால் சப்ரகமுவ ஈரவலயத்தின் ஓடைநீர் மென்மையானது. ஆயினும் பாறைகள் மழையில் சிதைவதால் அதில் சிலிக்கா கரைந்திருக்கிறது. மலைநாட்டுப் பாறைத்தொகுதியில் ஆங்காங்கே பளிங்குச் சுண்ணப்பாறைப் பட்டைகளும் உண்டு. அவற்றைத் தொட்டு வரும் ஊற்றுநீர் கடினமாகும். எனவே நாக்கில் மென்மையாக இருப்பதை நம்பி நீரைக் கொதிகலனில் விடுவது தவறு.

இன்றைய முறைகள்

சுண்ணப்படிவைக் கரைக்க அரிப்புத்தடுப்பான் கலந்த ஐதரோகுளோரிக் அமிலமோ சல்பாமிக் அமிலமோ பயன்படுகிறது. அமிலம் காபனேற்றைக் கரையும் உப்பாக மாற்றி, காபனீரொட்சைட்டை வெளிவிடும். சிலிக்காப் படிவு இவற்றுக்கு மசியாது. காரக் கரைசலில் கொதிக்கவிடுதல் போன்ற தனிச் சிகிச்சை தேவை. அமிலம் எஃகைத் தாக்கினால் ஐதரசன் பிறப்பதால் அருகில் நெருப்பு ஆகாது. வேலை முடிந்ததும் சோடாவால் நடுநிலையாக்கி நன்கு அலச வேண்டும். காற்றோட்டத்தை உறுதிசெய்யாமலும், வெளியே காவலுக்கு ஆள் நிறுத்தாமலும் எவரும் கொதிகலனுக்குள் இறங்கக் கூடாது.

இலங்கையில் தொழிற்சாலைகளின் கொதிகலன் பாதுகாப்பு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சோதனைக்காகக் கொதிகலனைத் திறக்கும் நாளே படிவைப் பார்க்க ஏற்ற நாள். நீரை முறையாகச் சோதித்து, மென்மையாக்கி, அடியில் தங்கும் சேற்றுநீரை ஒழுங்காக வெளியேற்றும் தொழிற்சாலைக்கு அமிலம் அரிதாகவே தேவைப்படும். விறகை மிச்சப்படுத்துவதும், உலையின் முன் நிற்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதும் அந்த ஒழுங்குதான்.