ஏற்றுமதி உரிமத்தில் இல்லாத கேள்வி

இந்தியாவின் படைக்கல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2017இலிருந்து தொடங்குகின்றனர். 'ஸ்கோமெட்' எனப்படும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 'ஒதுக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லுடன் வெறுமையாகக் கிடந்த ஆறாம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரலில் படைக்கலப் பட்டியலாக நிரப்பப்பட்டது. டிசம்பரில் இந்தியா வாசனார் ஏற்பாட்டில் இணைந்தது. ஆனால் இக்கட்டுப்பாட்டின் மொழி அதைவிட மிகப் பழையது.

1878இல், லிட்டன் ஆட்சியில், இரண்டு சட்டங்கள் வந்தன. தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் நாவைக் கட்டியது. படைக்கலச் சட்டம் கையைக் கட்டியது. முன்னதை ரிப்பன் 1882இல் நீக்கினார். பின்னது விடுதலைக்குப் பிறகும் நீடித்து, 1959ஆம் ஆண்டுச் சட்டத்திற்குத்தான் இடம்விட்டது. (நாவைவிடக் கையையே அரசு அதிகம் அஞ்சியது போலும்.) உரிமமின்றிப் படைக்கலங்களை நாட்டுக்குள் கொணர்வதும் வெளியே அனுப்புவதும் அச்சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டிருந்தன. மஸ்கட்டிலிருந்து மக்ரான் கரைவழியே வடமேற்கு எல்லைப் பழங்குடியினரை எட்டிய துப்பாக்கிகளைத் தடுக்கப் பிரித்தானியக் கடற்படை வளைகுடாவில் காவல் நின்றதும் இதே அச்சத்தால்தான். 'இது எவர் கைக்குப் போகிறது?' என்பதே பேரரசின் கேள்வி. எவர்மீது பயன்படும் என்பது அதன் கவலையன்று.

இன்றைய நடைமுறைக் கையேட்டைப் படிக்கையில் அந்தப் பழைய கேள்வியே செம்மையான வடிவில் தென்படுகிறது. இறுதிப் பயனர் நம்பத்தக்கவரா, அவர் தரும் உறுதிமொழி மெய்யா, பொருள் பயங்கரவாதிகளிடம் சேருமா, நாட்டின் பாதுகாப்புக்கும் வெளியுறவு இலக்குகளுக்கும் ஊறு நேருமா என்று உரிமம் வழங்குவோர் ஆராய வேண்டும். வாங்கும் அரசு அதைத் தன் குடிமக்கள்மீதோ, போரில் சிக்கிய பொதுமக்கள்மீதோ பயன்படுத்துமா என்பது தனி அளவுகோலாக அங்கே இடம்பெறவில்லை.

அந்த அளவுகோல் இருப்பதால் மட்டும் உயிர்கள் காக்கப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டு ஒடுக்குமுறைக்குப் பயன்படக்கூடிய படைக்கலங்களை விற்கலாகாது என்ற விதி பிரித்தானியாவில் இருந்தது. அவ்விதி இருந்தும் இலங்கைக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. ஆயினும் அவ்விதி இருந்ததால்தான், 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் பின், அந்நாட்டு நாடாளுமன்றக் குழுக்கள் இலங்கைக்கான உரிமங்களை மறு ஆய்வு செய்யுமாறு தம் அரசிடம் கோர முடிந்தது. காலங்கடந்த கேள்வியே. ஆனால் கேட்பதற்கு ஒரு வாசகம் இருந்தது.

அத்தகைய வாசகத்தை உலகப் பொதுவிதியாக்கியது ஐ.நா.வின் படைக்கல வணிக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2 அன்று 154 நாடுகள் ஆதரித்தன, 3 எதிர்த்தன, 23 ஒதுங்கின. ஒதுங்கியவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஏற்றுமதி செய்யும் நாடுகள் இதனை இறக்குமதி நாடுகளுக்கு எதிரான கருவியாக்கிவிடும் என்பது நமது வாதம். உலகிலேயே மிகுதியாகப் படைக்கலம் வாங்கிய நாட்டின் வாதம் அது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடியாகியுள்ளது. வாங்குபவராக நின்று சொன்ன காரணத்தை விற்பவரான பின்னும் சொல்லிக்கொண்டிருப்பது பொருந்துமா?

இஸ்ரேலுக்கான படைக்கல ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனு 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. நான் வசிக்கும் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் யமுனையைக் கடந்தால் சில நிமிடங்களில் எட்டிவிடும் இடம் அது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையையும் அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளையும் மனுதாரர்கள் முன்வைத்தனர். வெளியுறவுக் கொள்கை நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது என்றது அமர்வு. அக்கொள்கை குறித்துத் தான் கருத்தேதும் கூறவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே கேள்வி மீண்டும் நிர்வாகத்திடமே திரும்புகிறது. உரிம அளவுகோல்கள் இருப்பது சட்டத்தில் அன்று, கையேட்டில். அதில் ஒரு வரியைச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரின் பொது அறிவிக்கை ஒன்று போதும்.