புளூடூத் பாதுகாப்பு இடர்கள்

கணினியின் குறுந்தொலைவு வானலை இணைப்பான புளூடூத் வழியே அயலார் ஊடுருவும் வாய்ப்புகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் புளூடூத் எட்டும் தொலைவு பொதுவாகப் பத்து மீட்டர். திறன் கூடிய கருவிகளுக்கு நூறு. சுவர் இதற்கு முழுத் தடையல்ல. காஞ்சிபுரம் காந்தி சாலைபோல் பட்டுக்கடைகள் நெருங்கி நிற்கும் தெருவில், கரை, முந்தி, புட்டா வடிவங்களைச் சேமித்து வைக்கும் கணினி பக்கத்துக் கடைக்கும் எட்டும்.

2017 செப்டம்பரில் ஆர்மிஸ் நிறுவனம் வெளியிட்ட 'புளூபோர்ன்' குறைகள் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றைப் பாதித்தன. இணைக்கும் அனுமதியை யாரும் கேட்கவேண்டியதில்லை. கருவியைப் 'பிறர் கண்ணில் படாமல்' வைத்திருந்தாலும் தப்ப முடியாது. 2019இல் வெளியான 'நாப்' தாக்குதல், மறையாக்கச் சாவியின் வலுவை ஒரு பைட் அளவுக்குக் குறைக்க முடியும் என்று காட்டியது. 2023இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு குறை, தாக்குபவரின் கருவி ஒரு விசைப்பலகை என்றே கணினியை நம்பவைத்தது; நம் திரையில் அவர் தட்டச்சு செய்யலாம். மூன்றில் கடைக்காரர் மிகவும் அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

இயங்குதளத்தைப் புதுப்பிப்பதே முதன்மைத் தீர்வு. பழைய விண்டோஸிலேயே ஓடும் கணினியில், தேவையில்லாத நேரம் புளூடூத்தை அணைத்துவிடுங்கள்.