கேமை வானத்துல இருந்து ஒலிபரப்பிய கம்பெனி

இன்னிக்கு மருத்துவம் இல்ல மக்களே. நைட் டூட்டில தூக்கம் வராதவங்களுக்கு ஒரு ஜப்பான் கதை.

1990-ல் டோக்கியோவில் செயின்ட் ஜிகா என்று ஒரு சாட்டிலைட் ரேடியோ ஆரம்பிக்கிறாங்க. நியூஸ் கிடையாது, விளம்பரம் கிடையாது, வளவளன்னு பேசுற ஆளும் கிடையாது. கடலலைச் சத்தமும் இசையும் மட்டும். நிகழ்ச்சி நிரல்? கடிகாரம் பார்த்து இல்லீங்க, கடலோட ஏற்ற இறக்கத்தையும் நிலாவையும் பார்த்து! இதுக்கு மாசாமாசம் சந்தா வேற. அழகான யோசனைதான், ஆனா எத்தனை பேர் காசு கட்டுவாங்க? நிறுவனம் தடுமாறுது.

அப்போ கைகொடுத்தது நிண்டெண்டோ. 1993-ல் பங்கு வாங்குறாங்க. 1995 ஏப்ரல்ல சாட்டலாவியூ வருது. சூப்பர் ஃபேமிகாம் கேம் மெஷினுக்கு அடியில மாட்டுற ஒரு பெட்டி. பெரும்பாலான வீடுகள்ல இன்டர்நெட்டே இல்லாத காலத்துல, செயின்ட் ஜிகா கேம்களை சாட்டிலைட் வழியா அனுப்பும். உங்க வீட்டு மெமரி பேக்ல இறங்கிடும்.

இதுல ஒரு வகை கேம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1995 ஆகஸ்ட்ல 'செல்டா' கதை வாரம் ஒண்ணா நாலு பகுதி வந்துச்சு. குறிப்பிட்ட நேரத்துல டிவி முன்னாடி உட்கார்ந்தாத்தான் ஆடலாம். நீங்க ஆடிட்டு இருக்கும்போதே நடிகர்களோட குரல் கதை சொல்லும், துப்பு குடுக்கும். அந்தக் குரல் சொல்ற நேரத்துல திரையில குண்டுகள் தீராம கிடைக்கும். ஒரு மணி நேரம், ஊரே சேர்ந்து ஒரே கேம். ரேடியோ நாடகத்துக்குள்ள நாமளே ஓடுற மாதிரி யோசிச்சுப் பாருங்க!

பிரச்சினையும் அங்கேயேதான். கேம் மெமரி பேக்ல இறங்கும், குரல் இறங்காது. அது காத்தோட போயிடும். பேக்லயும் இடம் கொஞ்சம்தான். புதுசு வந்தா பழசு அழியும். சில கேம்களை இத்தனை தடவைதான் திறக்கலாம்னு கணக்கு வேற.

கடைசில கம்பெனிக்குக் கடன் ஏறுச்சு. நிண்டெண்டோ 1999-ல் ஒதுங்கிடுச்சு. 2000 ஜூன் 30-ம் தேதி சாட்டலாவியூ ஒலிபரப்பு நின்னுச்சு. 2001-ல் செயின்ட் ஜிகா வேற ஒரு நிறுவனத்தோட இணைஞ்சு, பேரும் காணாம போச்சு.

அப்புறம் என்னாச்சு? ரசிகர்கள் பழைய மெமரி பேக்குகளைத் தேடித்தேடி வாங்க ஆரம்பிச்சாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கடைசியா அந்த வீட்டுப் பையன் எதை இறக்கினானோ அதுதான் இருக்கும். ஒவ்வொரு பேக்கையும் கம்ப்யூட்டர்ல படிச்சுத்தான் பல கேம்கள் திரும்பக் கிடைச்சுது. பழைய ரெக்கார்ட் ரூம்ல கேஸ் ஷீட் தேடின அனுபவம் உள்ளவங்களுக்கு அந்தப் பொறுமை புரியும்.

செல்டாவோட குரலுக்கு மிஞ்சினது, யாரோ அன்னிக்கு வீட்டு விசிஆர்ல பதிவு பண்ணி வச்ச டேப்புகள்தான்.

ஸ்கொயர் நிறுவனம் 1996-ல் இதுல மட்டும் வெளியிட்ட 'ராடிக்கல் ட்ரீமர்ஸ்' கதை கேமுக்கு அதிர்ஷ்டம். 2022-ல் 'க்ரோனோ க்ராஸ்' புதுப்பதிப்போட சேர்த்து, முதல் தடவையா ஆங்கிலத்துலயும் அதிகாரப்பூர்வமா வந்துச்சு. 26 வருஷம் ஆச்சு!