குழந்தைகளின் முடி உதிர்வும் தலைத்தோல் நோய்களும்

கைக்குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை, தலைமுடி திட்டுத் திட்டாகவோ பரவலாகவோ கொட்டுவதையும் அதனுடன் வரும் தலைத்தோல் கோளாறுகளையும் இக்கட்டுரை பேசுகிறது. பெரியவர்களின் வழுக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. காரணமே தெரியவில்லை என்று வீட்டில் சொல்லப்படும் முடி உதிர்வு பெரும்பாலும் ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அவை வளர்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. பல பெற்றோர் சீப்பில் சிக்கிய முடியை எண்ணிக் கலங்குகிறார்கள். பார்க்க வேண்டியது முடி போன இடத்துத் தோலை. அங்கே செதிலும் சிவப்பும் அரிப்பும் இருந்தால் பூஞ்சையை நினைக்க வேண்டும். தோல் வழவழவென்று சுத்தமாக இருந்தால் புழுவெட்டை நினைக்க வேண்டும். மருத்துவரும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்.

தலைப் படர்தாமரை

பள்ளி வயதில் தலைத்தோலில் அதிகம் காணப்படும் பூஞ்சைத் தொற்று இது. சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை போன்ற நெருக்கமான இடத்தில் இது பரவுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கூவம் வளைத்து ஓடும் அந்த நிலத்தின் சந்துகளில் இன்று வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கின்றன. ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் இடத்தில் சீப்பும் தலையணையும் துண்டும் பொதுவாகத்தான் இருக்கும். அழுக்கு வீட்டுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நினைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

இந்தியாவில் தலைப் படர்தாமரைக்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுவது டிரைக்கோஃபைட்டான் வயலேசியம் என்னும் பூஞ்சை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதன் உறவான டான்சுரன்ஸ் முந்துகிறது. பூனை, நாயிடமிருந்து வருவது வேறு இனம். பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே புகுந்து வளர்வதால் முடி தோல்மட்டத்தில் முறிந்து, சொட்டையில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சில பிள்ளைகளுக்கு அந்த இடம் தொளதொளவென்று வீங்கிச் சீழ் வடியும், பிடரியில் நெறிகட்டும். இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கீறிவிடக் கூடாது. இது கீரியன் எனப்படும் பூஞ்சை வீக்கம். சிகிச்சை தாமதமானால் தழும்பு விழுந்து, அந்த இடத்தில் மறுபடி முடி முளைக்காமலே போகலாம்.

களிம்பு மட்டும் போட்டால் இது தீராது. பூஞ்சை இருப்பது முடிவேரில். களிம்பு அங்கே எட்டாது. அதனால் மாத்திரை வேண்டும். 1939இல் லண்டனில் ஒரு பூசணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபல்வின், இருபது ஆண்டுகள் கழித்தே மனிதருக்கு மருந்தானது. ஆறு முதல் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உடலில் நன்றாகச் சேரும். டெர்பினாஃபின் அதைவிடக் குறைந்த நாளில் வேலை முடிக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ‘ஆல் இன் ஒன்’ களிம்பு வேறு கதை. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்பதைக் கட்டுப்படுத்த 2018இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டும் கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது.

மாத்திரை வருவதற்கு முன் செய்தவை இன்னும் கொடுமை. 1904இல் பாரிஸில் தோல் மருத்துவர் ரேமோன் சபூரோ எக்ஸ்-ரே கொண்டு முடியை உதிரவைக்கும் முறையை வகுத்தார். அதுவே அரை நூற்றாண்டு உலக வழக்கமானது. 1950களில் இஸ்ரேலுக்குக் குடியேறிய வட ஆப்பிரிக்கக் குழந்தைகள் பல ஆயிரம் பேருக்கு இந்தக் கதிர் பாய்ச்சப்பட்டது. 1974இல் இஸ்ரேலிய மருத்துவர் பாருக் மோதானின் குழு, அவர்களிடம் மூளை, தைராய்டு கட்டிகள் கூடியிருப்பதைக் காட்டியது. அங்கே இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1994இல்.

புழுவெட்டு

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, வலியோ அரிப்போ இல்லாமல், ஒரே இரவில் போனதுபோல் முடி போய்விடும். பேரில்தான் புழு, உண்மையில் அங்கே எந்தப் புழுவும் இல்லை. இங்கிலீஷ்காரர் படர்தாமரைக்கு ரிங்வார்ம் என்று பெயர் வைத்தார், நாம் இதற்குப் புழுவெட்டு என்றோம். இரண்டு பேரும் இல்லாத புழுவைத் தேடியிருக்கிறோம். உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் அதன் முடிவேரையே பகையென்று தாக்குவதால் வருவது இது. ஒட்டாது, தொற்றாது. திட்டின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த ஆச்சரியக்குறி முடிகள் தென்படும்; நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் இருக்கலாம்.

சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது தமிழ்நாட்டு வீடுகளின் முதல் வைத்தியம். கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை: 2002இல் வெளியான பாக்தாத் ஆய்வு ஒன்று வெங்காயச் சாற்றுக்குப் பலன் இருந்ததாகச் சொன்னது. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. தவிர ஒன்றிரண்டு திட்டு மட்டும் உள்ள பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வந்துவிடும். சிவந்து புண்ணாகும்வரை குழந்தையின் தோலைத் தேய்ப்பதுதான் தவறு. தலை முழுக்கப் பரவும் கடுமையான வகைக்கு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்று 2023இல் அமெரிக்கா ரிட்லெசிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி தந்தது.

மற்றவை

சென்னையில் மழைக்காலக் காய்ச்சலோ டெங்குவோ வந்து போன பிள்ளைக்குப் பொங்கல் தாண்டியதும் தலையெங்கும் முடி கொட்டும். காய்ச்சலுக்கும் உதிர்வுக்கும் இரண்டு மூன்று மாத இடைவெளி இருப்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. ஷாம்பூவின் மேல் பழி விழும். ஆறு மாதத்தில் சரியாகிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் இப்படிச் செய்யும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

பள்ளிக்காக இறுக்கிப் பின்னும் ரெட்டைச் சடை, நெற்றிப்பொட்டு ஓர முடியை இழுத்து உதிர்க்கும். பேனும் ஈரும் நேரடியாக முடியைக் கொட்டவைப்பதில்லை. சொறிந்த புண்தான் தொல்லை. முறிந்த முடிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நின்றால், பிள்ளையே முடியைப் பிடுங்குகிறதா என்று மெல்லக் கவனிக்க வேண்டும். அதட்டினால் பழக்கம் ரகசியமாகும், நிற்காது.

ஒரே ஊரில் பலருக்குச் சேர்ந்து கொட்டினால் கதையே வேறு. 2024 டிசம்பர் முதல் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், குழந்தைகள் உட்படப் பலருக்கு அரிப்பு வந்த சில நாளிலேயே முடி கையோடு வந்தது. முதலில் பூஞ்சையும் கிணற்று நீரும் சந்தேகிக்கப்பட்டன. ரேஷன் கோதுமையில் அளவுக்கு மீறியிருந்த செலினியமே காரணம் என்று மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் சொன்னார்.

மருத்துவம் பெற

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்களுக்குக் கூவத்தைத் தாண்டினால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு. செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அன்று தலையில் எண்ணெயோ களிம்போ இல்லாமல் கூட்டிப்போவது நல்லது. இதற்கு முன் பூசிய டியூப் எதுவானாலும், வெட்கப்படாமல் அதையும் கையில் எடுத்துப் போக வேண்டும். படர்தாமரை என்று தெரிந்தால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் காட்ட வேண்டும். மொட்டை அடிக்கத் தேவையில்லை. மாத்திரை தொடங்கிவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம். சீப்பும் துண்டும் தொப்பியும் மட்டும் தனி.