கால் மில்லிமீட்டர்

பழைய இரட்டை சிலிண்டர் பைக்கை ஓட்டியவர்களுக்கு அந்த உதறல் தெரியும். வேகம் ஏற ஏற விரல் மரத்துப்போகும், கண்ணாடியில் பின்னால் வரும் ஒரே லாரி நாலு லாரியாகத் தெரியும். அந்த உதறலை ஒரு கம்பெனி ரப்பருக்குள் ஒளித்துவைத்துப் பத்து வருஷம் பிழைத்த கதை இது.

இங்கிலாந்தின் நார்டன் கம்பெனிக்காக பெர்ட் ஹாப்வுட் 1940களின் கடைசியில் ஒரு 500 சிசி என்ஜினை வடிவமைத்தார். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 500 சிசி வரை அது சமாளிக்கக்கூடிய உதறல்தான். ஆனால் அமெரிக்கச் சந்தை பெரிய என்ஜின் கேட்டது. 600, 650 என்று பெருத்துக்கொண்டே போய், 1962இல் 750 சிசி அட்லஸ் வந்தது. உதறலும் கூடவே வளர்ந்தது.

நார்டனிடம் நல்ல ஃப்ரேம் இல்லாமல் இல்லை. பெல்ஃபாஸ்ட்காரரான ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் உருவாக்கிய ஃப்ரேம் 1950இல் பந்தயத்துக்கு வந்தது. இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று பந்தய வீரர் ஹெரால்ட் டேனியல் சொல்லப்போய், ‘ஃபெதர்பெட்’ என்பதே அதன் பெயராகிவிட்டது. அதில் என்ஜினை ஃப்ரேமோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்குவார்கள். அந்த இறுக்கத்தால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். அதே இறுக்கம்தான் அட்லஸின் உதறல் முழுவதையும் ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

சரி, என்ஜினை மட்டும் ரப்பரில் உட்காரவைத்தால்? செயின் இழுக்கிற இழுப்பில் என்ஜின் பின் சக்கரத்தின் பக்கம் நகர்ந்துவிடும். பெர்னார்ட் ஹூப்பரும் பாப் டிரிக்கும் இதற்கு ஒரு துணிச்சலான வழி கண்டார்கள். என்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்த மொத்தக் கட்டையும் ரப்பர் புஷ்கள் வழியாக ஃப்ரேமில் மாட்டினார்கள். ‘ஐசோலாஸ்டிக்’ என்று பெயர். 1967இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த கமாண்டோ பைக் இப்படித்தான் பிறந்தது.

யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கும். முன் சக்கரம் ஃப்ரேமில் இருக்கிறது, பின் சக்கரம் ரப்பரில் தொங்குகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் பின் சக்கரமே வண்டியைத் திருப்பத் தொடங்கிவிடும். அதனால் என்ஜின் மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆடலாம், பக்கவாட்டில் மட்டும் கூடாது என்று வைத்தார்கள். அதற்கு விட்ட இடைவெளி சுமார் கால் மில்லிமீட்டர். மெல்லிய ஷிம்களைச் செருகியும் எடுத்தும் அந்த அளவைக் கொண்டுவர வேண்டும். இறுக்கினா உதறும், விட்டா ஆடும்.

ஷிம் தேய்ந்தால் இடைவெளி கூடும். அதைச் சரிபார்க்காமல் விட்டவர்களுக்கு வேகமான வளைவில் வண்டி பாம்பாக நெளிந்தது. 1975 மாடலில்தான் ஷிம் இல்லாமல் திருகியே இடைவெளியைச் சரிசெய்யும் வசதி வந்தது. அதற்குப் பிறகும் கமாண்டோ பிரியர்கள் விடவில்லை. சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் பிடியைக் கழற்றிவிட்டு, இரு முனையிலும் பந்து மூட்டு உள்ள கம்பியைக் குறுக்காக மாட்டினார்கள். மேலே கீழே ஆட விடும், பக்கவாட்டில் விடாது. அந்த ஒரு கம்பியில் வண்டியின் நடத்தையே மாறியது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏற்பாடு வேலை செய்தது. ‘மோட்டார் சைக்கிள் நியூஸ்’ வாசகர்கள் 1968 முதல் 1972 வரை ஐந்து வருஷமும் கமாண்டோவையே சிறந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1973இல் பீட்டர் வில்லியம்ஸ் இதே ரப்பர் ஏற்பாடு கொண்ட நார்டனில் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஜெயித்தார்.

ஆனால் 1969லேயே ஹோண்டா நான்கு சிலிண்டர் சிபி750ஐ விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் என்ஜின் பிறவியிலேயே சாந்தம். நார்டனோ இருபது வருஷப் பழைய என்ஜினை ரப்பரில் தாலாட்டிக்கொண்டிருந்தது. புது என்ஜினுக்குப் பணமில்லாத இடத்தில் இரண்டு பொறியாளர்களின் மூளை கம்பெனிக்கு அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தை நிர்வாகம் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. 1970களின் முடிவுக்குள் கமாண்டோ தயாரிப்பு நின்றது.

பல கை மாறிய நார்டனை 2020இல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது நம்ம டிவிஎஸ். பெயர் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. பழைய கமாண்டோ வைத்திருப்பவர்கள் இன்னமும் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு குனிந்து அந்தக் கால் மில்லிமீட்டரைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள்.