திருவல்லிக்கேணியின் செய்தி வரலாறு

சென்னையில் மெரினா கடற்கரையை ஒட்டியுள்ள பழைய பேட்டை திருவல்லிக்கேணி. நாடறிந்த சில நாளிதழ்கள் இந்தப் பேட்டைக்காரர்களின் முயற்சியில் பிறந்தவை. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூர் நடப்பைப் பலரும் படிக்கும்படி எழுதிவைத்த ஊர் இது.

பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சென்னை நகரில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. போர் வெற்றி எதையும் அது சொல்லவில்லை. கோயில் நிலத்தை அர்ச்சகர்கள் அடகு வைத்துவிட்டார்கள். அதனால் பெருமாளுக்குப் படைக்கும் அமுது குறைந்தது. புகழ்த்துணை விசையரையன் என்பவர் பணம் கட்டி நிலத்தை மீட்டு, பழைய அளவிலேயே அமுது நடக்க வழிசெய்தார். ஊரில் நேர்ந்த ஒரு தவறும் அதைச் சரிசெய்தவரின் பெயரும் மறைக்கப்படாமல் கல்லில் ஏறியிருக்கின்றன. திருவல்லிக்கேணியின் முதல் உள்ளூர்ச் செய்தி என்று இதைச் சொல்லலாம்.

1676-இல் கோல்கொண்டா அரசிடமிருந்து ஆங்கிலேயக் கும்பெனி இந்த ஊரைக் குத்தகைக்கு எடுத்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்தபோது, அவரைச் சார்ந்த குடும்பங்களும் அருகே குடியேறின. வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் எழுந்தது. மாடவீதிகளில் தமிழும் தெலுங்கும், பெரிய சாலைப் பக்கம் உருதும், கடலோரக் குப்பங்களில் மீனவர் பேச்சும் அடுத்தடுத்து ஒலிக்கும் ஊராக அது வளர்ந்தது. இங்கே செய்தி எப்போதும் பல மொழிகளில்தான் நடமாடியது.

அச்சு இதழ்களின் காலம் ஒரு நியமனச் சர்ச்சையில் தொடங்கியது. தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் வலுவான இதழ் இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் (ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் என்னும் இரண்டு ஆசிரியர்களும், சட்டம் படித்துக்கொண்டிருந்த நால்வரும்) ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ வார இதழை 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அச்சகம் தங்கசாலைத் தெருவில் இருந்தது. ஆனாலும் இதழின் வேர் இந்தப் பேட்டையில்தான். சட்ட மாணவர்கள் தொழிலுக்குப் போய்விட, ஆசிரியர்கள் இருவரும் விடாமல் நடத்தினார்கள். 1889-இல் அது நாளிதழானது.

சுப்பிரமணிய ஐயரின் அடுத்த வேலையைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அறியாதவரும் நாட்டு நடப்பை அறிய வேண்டும் என்று 1882-இல் ‘சுதேசமித்திரன்’ வார இதழைத் தொடங்கினார். 1899-இல் அதுவும் நாளிதழாகியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேரும். தமிழ்நாட்டில் அரசியல் தெருவுக்கு வந்தது இந்த வழியில்.

1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து தந்திச் செய்திகளைத் தமிழாக்கிய சுப்பிரமணிய பாரதி, 1906-இல் திருவல்லிக்கேணி மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவோடு வந்த ‘இந்தியா’ வார இதழின் எழுத்துப் பொறுப்பை ஏற்றார். தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி அந்த இதழ். 1907-இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தெருவில் சொன்னார்கள். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து காந்தி பேசியதும் இதே மணலில். பின்னாளில் ‘திலகர் கட்டம்’ என்று அழைக்கப்பட்ட அந்த இடம், பல பத்திரிகைகளைவிட வேகமாகச் செய்தி பரப்பியது.

பாரதியின் கடைசிக் காலம், உள்ளூர்ச் செய்தி எப்படித் திரியும் என்பதற்குச் சான்று. இடையில் புதுச்சேரிக்குப் போயிருந்து, திரும்பிவந்து மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்த அவர், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து மீட்டார். யானை அடித்துத்தான் பாரதி இறந்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. உண்மை வேறு. அவர் தேறி வேலைக்குப் போனார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்துக்குச் சென்று சொற்பொழிவும் ஆற்றினார். அந்தச் செப்டம்பரில் வயிற்று நோயால் இறந்தார். கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யானைக் கதையை நூறாண்டாகச் சுமந்த ஊர், அந்தச் சிறு ஊர்வலத்தை அன்று கவனிக்காமல் போனது பெரும் துயரம்.

1927-இல் சையது அஸ்மதுல்லா ‘தி முசல்மான்’ உருது நாளிதழைத் தொடங்கினார். அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் மு. அ. அன்சாரி அதைத் தொடங்கிவைத்தார். வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே சிறிய அலுவலகம், நான்கு பக்கம். காதிப் எனப்படும் எழுத்தர்கள் பேனாவும் மையும் கொண்டு பக்கம் முழுவதையும் கையால் எழுத, அதைப் படமெடுத்துத் தகடு செய்து அச்சிடுவார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவைப்பது வழக்கம். ஓரிடத்தில் பெரிய பிழை நேர்ந்தால் பக்கத்தையே திரும்ப எழுத வேண்டும். நிறுவனரின் மகன் சையது ஃபஸ்லுல்லா 2008-இல் மறைந்த பின் அடுத்த தலைமுறை பொறுப்பேற்றது. கணினி எழுத்துரு வந்த பிறகும் கையெழுத்தைக் கைவிடாத அந்தப் பிடிவாதம் போற்றத்தக்கது.

பெரிய இதழ்கள் நாட்டுச் செய்திக்குப் போய்விட, தெருவின் செய்தி வேறு வழிகளில் தொடர்ந்தது: உற்சவ நோட்டீஸ், ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி, 1904-இல் தொடங்கிய டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையின் சரக்கு அறிவிப்பு, மேன்ஷன்களில் தங்கிய வெளியூர் இளைஞர்கள் டீக்கடையில் பங்கிட்டுப் படித்த நாளிதழ். பைகிராப்ட்ஸ் சாலை என்ற பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய தலைமுறையின் இதழ்கள் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தன. 1990-களில் மயிலாப்பூர் போன்ற அண்டைப் பேட்டைகளில் இலவச வார இதழ்கள் தோன்றி, குடிநீர், குப்பை, கச்சேரி என்று அக்கம்பக்கச் செய்தியை மீண்டும் அச்சில் ஏற்றின.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் கலைக்கப்பட்ட நாளில் அருகிலுள்ள நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. அன்று நடந்தவற்றில் பலவும் குடியிருப்பவர்கள் கைபேசியில் பிடித்த காட்சிகள் வழியாகவே வெளியே வந்தன. நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைந்தது. நிருபர் வருவதற்கு முன்பே பேட்டைக்காரர்கள் பதிவுசெய்யும் காலம் வந்துவிட்டது.

கைபேசிக் காட்சி விரைவில் அழியும். கல்லும் காகிதமும் நின்றிருக்கின்றன. திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் உற்சவ நோட்டீஸ்களையும் கூட்டத் துண்டறிக்கைகளையும் பேட்டை இதழ்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேர்க்க வேண்டும்.